நல்ல சேதி சொல்ல வாட்ஸ்அப் தோதுப்படுமா? முகவை (ராமநாதபுரம்) கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

புது ஃபைபர் வள்ளத்தின் படம் ஸ்டேட்டஸில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் பதில் வந்து விழும்: “கடன் எம்புட்டு மாப்ள?” அடுத்தது: “ஃபைபரா? பார்ல (கடலடிப் பாறையில) ஒரு தட்டு தட்டுனா அவ்ளோதான்.” மூன்றாவது ஆள் ஒன்றுமே எழுத மாட்டார், பார்த்தவர் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். காலையில் மாலை போட்டுக் கும்பிட்ட வள்ளம், மதியத்துக்குள் வட்டிக் கணக்காகிவிடும்.

நல்ல சேதி கொண்டுவந்தவரை “ஒன் வாய்க்குச் சக்கரை போடணும்” என்று சொல்லிப் பழகிய ஊர்கள் இவை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி எதை எடுத்தாலும், விசா வந்தது, நர்சிங் சீட் கிடைத்தது, மகளுக்குத் தேதி குறித்தது எல்லாம் இன்று முதலில் ஏறுவது வாட்ஸ்அப்பில்தான். அதனால் அந்தச் செயலியை இந்த ஒரு வேலைக்காக மட்டும் இங்கே எடைபோடுகிறோம். நம் சந்தோஷத்தை யார் கேட்கலாம், யார் காதுக்கு அது கொஞ்சம் பிந்திப் போகலாம் என்று முடிவு செய்ய அது இடம் தருகிறதா? தருகிறது. ஆனால் பெரும்பாலானோர் கை வைக்காத இடத்தில் அந்த வசதி ஒளிந்திருக்கிறது.

கருவிக்குப் போகும் முன் ஆட்களைப் பார்த்துவிட வேண்டும். ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 2004-இல் இதைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். நல்லது நடந்ததை இன்னொருவரிடம் சொல்லும்போது, அந்த நல்லது தந்த மகிழ்ச்சிக்கு மேலே தனியாகக் கொஞ்சம் மகிழ்ச்சி சேர்கிறது என்பது அதில் ஒரு முடிவு. கேட்பவர் எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்பதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நம் கரைப் பேச்சில் சொன்னால், “வள்ளத்துக்கு என்ன பேரு வச்சீங்க? எப்ப எறக்குறீங்க?” என்று சேதியைக் கையில் வாங்கிப் பெரிதாக்குபவர் ஒருவர். “நல்லதுப்பா” என்று ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்பவர் இரண்டாமவர். “வட்டி கட்டியே ஓஞ்சிருவ” என்று ஓட்டை தேடுபவர் மூன்றாமவர். “அது கெடக்கட்டும், நாளைக்கு ஐஸ் வண்டி வருதா?” என்று பேச்சையே திருப்பிவிடுபவர் நான்காமவர். உறவைக் கெட்டிப்படுத்துவது முதல் வகை ஒன்றுதான் என்று அந்த ஆய்வு கண்டது.

இதில் இரண்டாமவரிடம் அவசரப்பட வேண்டாம். எழுதத் தெரியாததால் கட்டைவிரலோடு நிறுத்துகிற மனிதர்கள் இந்தக் கரையில் நிறைய. சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு பை நண்டோடு வந்து நிற்பவரும் அவரேதான். போனில் வந்த பதிலை வைத்து அவரைத் தள்ளிவிட்டால் நஷ்டம் நமக்கு.

மூன்றாமவரையும் நான்காமவரையும் கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பே உதவும். அவரோடான பழைய உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டுத் தேடலுக்குப் போய், உங்கள் பழைய நல்ல சேதியின் சொல்லைப் போடுங்கள்: ‘பாஸ்’, ‘விசா’, ‘பால் காய்ச்சு’. அன்று என்ன பதில் வந்தது என்று தெரிந்துவிடும். மூன்று சேதியில் இரண்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியிருந்தால் அவரைத் தனியே வைக்கலாம். ஒரே ஒரு முறை என்றால் விட்டுவிடுங்கள். அன்று அவர் வீட்டில் என்ன இருந்ததோ.

இந்தக் கரையில் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மட்டும் போய் வரும். அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர் “இன்னிக்குச் செம பாடு” என்று கூடை நிறைய மீனோடு படம் போட்டால், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை யோசிக்க வேண்டும். அதேபோல, இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகில் தன் வீட்டு ஆள் இருக்கும் ஒரு தங்கச்சி உங்கள் வளைகாப்புப் படத்துக்கு இதயம் போடவில்லை என்றால் அதற்குப் பெயர் பொறாமை இல்லை. இவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ஸ்டேட்டஸில் அவர்கள் பார்க்கும் முன்பே நேரில் போய் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டேட்டஸ்

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி, அதற்குள் ஸ்டேட்டஸ் என்று போனால் மூன்று வழி இருக்கும். முதலாவது, போனில் உள்ள எல்லாத் தொடர்புகளுக்கும். இரண்டாவது ‘மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்’, அதாவது இவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும். மூன்றாவது ‘ஒன்லி ஷேர் வித்’, இவர்களுக்கு மட்டும்.

பலரும் கை வைப்பது இரண்டாவதில். மனசுக்கு அது இயல்பாகப் படுகிறது: அந்த நாலு பேரை மட்டும் நீக்கினால் போதும் என்று. ஆனால் நல்ல சேதிக்கு இது ஓட்டை வலை. ஒரு ஆளுக்கு இரண்டு நம்பர் இருப்பது இங்கே சாதாரணம். கரையில் ஒரு சிம், சவுதியிலிருந்து வந்தபோது வாங்கிய இன்னொரு சிம். ஒன்றை நீக்கினால் மற்றதில் பார்ப்பார். வீட்டுக்கு ஒரு போன் என்று இருக்கும் குடும்பங்களில் தோழியின் நம்பர் என்று நினைத்து விட்டது அவள் மாமியார் கையில் இருக்கும். நாளை புதிதாகச் சேமிக்கும் நம்பர் தானாகவே பார்ப்பவர் பக்கம் சேர்ந்துவிடும். மீன் வியாபாரியின் நம்பரை நீங்களும் உங்கள் நம்பரை அவரும் சேமித்திருந்தால், அடுத்து நீங்கள் போடும் வீட்டு விசேஷம் அவருக்கும் தெரியும். போதாதற்கு, நீக்கப்பட்டவரிடம் பொதுவான நண்பர் ஒருவர் “ஸ்டேட்டஸ் பாத்தியா?” என்று கேட்டுவிட்டால், சந்தோஷத்தைக் காக்கப் போய் மனஸ்தாபம் ஒன்றைச் சம்பாதித்ததாகிவிடும். நூறு பேர் பார்த்து ஒருவர் பார்க்காததை மறைக்க முடியாது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் இதற்குத் தர மனமில்லை.

‘ஒன்லி ஷேர் வித்’ அப்படியில்லை. 12 பேர், 15 பேர் என்று எடுத்துக்கொண்டால், யார் பார்க்கவில்லை என்ற கேள்வியே எழாது. பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். புது நம்பர் சேமித்தாலும் இதற்குள் நுழையாது. இதற்கு நான்கு கொடுக்கலாம். ஒன்று குறைவதற்குக் காரணம், ஒருமுறை வைத்த அமைப்பு அடுத்த ஸ்டேட்டஸுக்கும் அப்படியே நிற்கும் என்பது. வள்ளம் வாங்கிய மகிழ்ச்சிக்காக 12 பேருக்கு வைத்துவிட்டு மறந்துபோனால், மூன்று மாதம் கழித்து ஊரில் ஒரு துக்கச் சேதியைப் போடும்போது அதுவும் அந்த 12 பேருக்கு மட்டுமே போகும். மற்றவர் அடக்கத்துக்கு வராமல் போவார்கள். ஆகவே ஸ்டேட்டஸ் மறைந்த மறுநாளே அமைப்பைப் பழையபடி மாற்றிவிட வேண்டும். போனில் ஒரு அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

அமைப்பை மாற்றிய பிறகுதான் படம் போட வேண்டும். முன்பே போட்டுவிட்ட ஸ்டேட்டஸை இந்த மாற்றம் தொடாது. மறந்துவிட்டால் போட்டதை அழித்து, அமைப்பை மாற்றி, திரும்பப் போடுவது ஒன்றே வழி. இன்னொன்று: நீங்கள் அவர் நம்பரைச் சேமித்திருந்தால் மட்டும் போதாது, அவரும் உங்கள் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும். பட்டியலில் சேர்த்தும் சின்னம்மா பார்க்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கோபப்படும் முன் இதைச் சரிபாருங்கள்.

படம் எடுப்பதிலும் பாதி வெற்றி இருக்கிறது. விலை, கடன், மதிப்பெண் மூன்றும் படத்தில் தெரியக் கூடாது. எஞ்சினின் ரசீதோடு படம் போட்டால் வரும் கேள்வி பணத்தைப் பற்றித்தான் இருக்கும். அணியத்தில் (வள்ளத்தின் முன்முனையில்) மாலையும், அதைத் தொட்டு நிற்கும் பிள்ளையின் கையும் மட்டும் இருந்தால் “பேரு என்ன?” என்று கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலையே படமாகப் போடுவது இரட்டைத் தவறு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு எண்ணைக் கொடுக்கிறோம், கூடவே பிள்ளையின் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் ஊருக்குக் கொடுக்கிறோம். விசா முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கம் அதைவிட மோசம். ஸ்டேட்டஸை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். எடுத்தது உங்களுக்குத் தெரிய வராது.

பார்த்தவர் பட்டியல்

எங்கள் பார்வையில், வெளியிலிருந்து வரும் குத்துப் பேச்சைவிட அதிகமாகச் சந்தோஷத்தைத் தின்பது, ஸ்டேட்டஸின் அடியில் யார் பார்த்தார்கள் என்று காட்டும் கண் அடையாளம்தான். 43 பேர் பார்த்தார்கள், 9 பேர் வாழ்த்தினார்கள், மீதி 34 பேர் ஏன் வாழ்த்தவில்லை என்று இரவு 11 மணிக்கு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒரு நோய். யாரும் எதுவும் சொல்லாமலே நல்ல நாள் கசந்துபோகும்.

இதற்கு மருந்து செயலிக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ், பிரைவசி, அங்கே ‘ரீட் ரிசீப்ட்ஸ்’ என்பதை அணைத்துவிட்டால் உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வாழ்த்தியவர் மட்டுமே கண்ணில் படுவார். இதற்கு ஒரு விலை உண்டு: தனி உரையாடல்களில் நீல டிக் இரு பக்கமும் போய்விடும். குழுக்களில் போகாது. பணம் அனுப்பிய சேதியை எதிராளி படித்தாரா என்று பார்த்துத்தான் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது இடைஞ்சல். அவர்கள் விசேஷ நாளுக்கு மட்டும் அணைத்துவிட்டு மறுநாள் திறந்துகொள்ளலாம். இந்த ஒரு சின்ன வேலைக்கே முழு மதிப்பெண் தரலாம்.

பிராட்காஸ்ட், அப்புறம் குழு

பிராட்காஸ்ட் பட்டியலை இந்தக் கரையில் ஐஸ் விலை சொல்லவும் மீன் விலை சொல்லவும் வியாபாரிகள் பயன்படுத்துகிறார்கள். வீட்டு நல்ல சேதிக்கு இதைவிடத் தோதான கருவி வாட்ஸ்அப்பில் இல்லை என்பது எங்கள் முடிவு. மெனுவில் ‘நியூ பிராட்காஸ்ட்’ என்பதைத் தொட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேரலாம். ஒவ்வொருவருக்கும் அது தனியாக அனுப்பிய சேதி போலவே போய்ச் சேரும். இன்னும் யார் யாருக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாது. பதிலும் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். “வட்டி கட்டியே ஓஞ்சிருவ” என்று ஒருவர் எழுதினாலும் அது அவருக்கும் உங்களுக்கும் நடுவில் நின்றுவிடும். மற்றவரின் மகிழ்ச்சி மேல் அந்த நிழல் விழாது. பட்டியலுக்கு நீங்கள் வைக்கும் பெயரும் வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் நம்பரைச் சேமிக்காதவருக்குச் சேதி போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஐந்துக்கு நாலரை.

குழுவில் போடுவது கடைசிப் படி. அங்கே முதல் பதிலின் சாயல் பின்னால் வரும் எல்லாப் பதிலிலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்தவர் “மாஷா அல்லாஹ், வள்ளம் நல்லா ஓடட்டும் காக்கா (அண்ணே)” என்று எழுதினால் அடுத்த பத்துப் பேரும் அதே வழியில் போவார்கள். முதல் ஆள் கடனைக் கேட்டால் பேச்சு கடனிலேயே நிற்கும். எனவே போடுவதற்கு ஐந்து நிமிடம் முன் நெருக்கமான ஒருவரிடம் “போடப் போறேன், மொதல்ல நீ எழுது” என்று சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழுவின் அட்மின் நீங்களே என்றால் மற்றவர் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்கும் அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம். அட்மின் அழித்தார் என்ற தடயம் அங்கேயே நிற்கும், என்ன எழுதியிருந்தார் என்று ஊரே கேட்கும்.

குத்துப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? விளக்கம் கொடுப்பதுதான் பெரிய தவறு. வட்டி எத்தனை சதவீதம், எத்தனை மாதத் தவணை என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அடுத்த கேள்விக்கு இரை. “அதெல்லாம் பேசி முடிச்சாச்சு மாப்ள. வர்ற ஞாயிறு வள்ளம் எறக்குறோம், காலையில வந்துரு” என்ற இரண்டு வரி போதும். பிறகு அந்த உரையாடலை மியூட் செய்யுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று அளவு இருக்கிறது. கல்யாணம், வள்ளம் இறக்குவது போன்றவற்றுக்கு ஒரு வாரம் சரியான அளவு. மியூட் செய்தது அவருக்குத் தெரியாது. பிளாக் செய்வதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ஏலக்கூடத்தில் நாளைக்கு முகம் பார்க்க வேண்டிய ஆள்.

எல்லா எச்சரிக்கையும் குத்துப் பேச்சு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “எஞ்சின் வாரண்டி கார்டுல கடை சீல் வாங்கிட்டியா?” என்று கேட்பவர் உங்களுக்கு வேலை செய்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. “ஃபைபர்லாம் நிக்காது” என்பவர் சொன்னதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, வருத்தப்படுவதைத் தவிர. இதை வைத்தே பிரித்துவிடலாம்.

வாட்ஸ்அப்பால் முடியாத இடம் கரை. விடிகாலை வலை இறக்கும் இடத்தில் யாரையும் மியூட் செய்ய முடியாது. அங்கே சேதியைச் சுருக்கமாகச் சொல்லி, கூடவே ஒரு வேலையும் கொடுத்துவிடுவது பலன் தரும். வள்ளத்தைத் தண்ணீரில் தள்ள ஆள் வேண்டும், பந்தலுக்குக் கயிறு கட்ட ஆள் வேண்டும். எதிலும் குறை சொல்கிற மனிதர் தோள் கொடுத்துத் தள்ளிய வள்ளத்தைப் பற்றிக் குறை சொல்வது குறைவு. அதில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

யாரிடம் மறைக்கவே கூடாது என்பதும் உண்டு. முன்பணம் கொடுத்த சம்மாட்டி (படகு முதலாளி), மீனை எனக்கே போடணும் என்று பணம் தந்திருக்கும் வியாபாரி, வள்ளத்தில் பங்கு வைத்திருப்பவர். இவர்கள் எவ்வளவு கசப்பாகப் பேசினாலும் புது வள்ளம் வாங்கிய சேதியை ஸ்டேட்டஸுக்கு முன்பே நேரில் கேட்டாக வேண்டும். அவர்களை ‘எக்ஸெப்ட்’ பட்டியலில் போட்டால் பிறகு வரும் பேச்சுக்கு முன்னால் குத்துப் பதில் ஒன்றுமேயில்லை.

கடைசியாக, கடலில் இருப்பவர். சேதியை முதலில் கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் அவர்தான்; சிக்னல் எட்டாத தூரத்தில் இருப்பவரும் அவர்தான். அவருக்கு ஸ்டேட்டஸ் உதவாது. காலையில் போட்டது, அவர் மறுநாள் மதியம் கரை சேரும்போது 24 மணி நேரம் கடந்து மறைந்திருக்கும். ஊரே பார்த்த படத்தை அவர் மட்டும் பார்க்காமல், தூண்டில் கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வார். எனவே வேறு எதையும் போடும் முன் அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள். சேராத சேதியை வாட்ஸ்அப் 30 நாள் வரை வைத்திருந்து கொடுக்கும். அதுவரை ஒற்றை டிக்கோடு நிற்கும், பதற வேண்டாம். கரை நெருங்கிச் சிக்னல் எட்டியதும் இரண்டு டிக் விழும். அவர் வலையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காதில் வைத்துக் கேட்டு முடித்தால் அந்த மைக் படம் நீலமாகும். ரீட் ரிசீப்ட்ஸை அணைத்திருந்தாலும் இந்த நீலம் மட்டும் தெரியும்.